டைரி, பதினெட்டு

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. எனக்குப் பத்து வயது. புத்தூரில் இருந்த ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்துக்கு மஞ்சள் வேனில் போய் வந்துகொண்டிருந்தேன். கழுத்தில் டை கட்டியிருந்த ஒரே காரணத்தால் வீட்டில் எனக்கு ஒரு பதவி கிடைத்திருந்தது. உர மூட்டையில் இருக்கும் எழுத்து, மாத்திரை அட்டை, செல்போனில் வரும் செய்தி என்று எது வந்தாலும் "பாப்பாவைக் கூப்புடு" என்பார் நைனா. நானும் போய்ப் படித்துச் சொல்வேன். தெரியாத வார்த்தை வந்தால் இன்னும் வேகமாகப் படிப்பேன். வேகமாகப் படிக்கிறவளை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை என்பதை அந்த வயதிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் பேசுவது தமிழ், பெரியவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. நைனாவுக்கும் சரி, அவருடைய தங்கையான என் அத்தைக்கும் சரி, தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் அத்தை எழுதுவாள். வருஷக் கடைசியில் என் பழைய நோட்டுகளில் மிச்சமிருக்கும் வெள்ளைத் தாள்களைக் கிழித்து, ஊசியால் தைத்து, அதில் எழுதுவாள். எழுத்து தெலுங்கு, வார்த்தை தமிழ். ஒரு நாள் அவளுக்குத் தெரியாமல் எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். "இன்னிக்கி மழ. மாமரத்துல கெள ஒடிஞ்சிச்சி. அண்ணன் ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சாரு." அவ்வளவுதான் இருந்தது. இதற்கா இவ்வளவு ஒளித்து வைக்கிறாள் என்று எனக்குச் சப்பென்று போய்விட்டது.

அத்தைக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் மட்டும் இரண்டு தடவை தோற்று வீட்டோடு நின்றவள். அவளைப் பார்க்க அதுவரை ஏழு பேர் வந்து போயிருந்தார்கள். நான்கு பேர் அவளை வேண்டாம் என்றார்கள். மூன்று பேரை அவள் வேண்டாம் என்றாள். ஊர் ஞாபகம் வைத்திருந்தது அந்த மூன்றை மட்டும்தான்.

எட்டாவது சம்பந்தம் சித்தூர் பக்கத்திலிருந்து வந்தது. தரகர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலேயே நைனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். மாப்பிள்ளையின் பயோடேட்டா. கம்ப்யூட்டரில் அடித்தது, மேலே பிள்ளையார் படம், உள்ளே முழுக்க இங்கிலீஷ். அவர்கள் வீட்டிலும் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. தாள் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அடித்துக்கொடுத்த கடைக்காரன் சொல்லியிருக்கிறான். நைனா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியதும் அத்தை என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இடுப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள்.

"படி பாப்பா. மெதுவா படி."

பேர், உயரம், நட்சத்திரம் எல்லாம் படித்தேன். வயது முப்பத்திரண்டு. அடுத்தது வேலை. விவசாயம் என்று முதலில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. என் பையிலேயே ஒன்று இருந்தது. தினமும் வீட்டுப்பாடம் எழுதி, நைனாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டிய பள்ளிக்கூட டைரி.

"டைரி. பதினெட்டு நம்பர்ஸ்" என்றேன்.

"டைரின்னா?"

"எழுதுற டைரிதான் அத்தே. தெனமும் எழுதுவாங்களே."

"அத வேலன்னு போட்டுகீதா?"

"வேலைக்கு நேராதான் போட்டுகீது."

அத்தை தாளை வாங்கி அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டு மனதுக்குள் எதையோ கூட்டிக் கழித்தாள்.

"முப்பத்திரண்டுல பதினெட்டு போனா பதினாலு. பதினாலு வயசுலேர்ந்து வருசத்துக்கு ஒண்ணு எழுதிக்கினு வராரு."

"ஒண்ணுகூட உடல" என்று நான் சேர்த்துச் சொன்னேன்.

அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது அத்தை, "வரச்சொல்லுண்ணா" என்றாள். நைனா கையில் எடுத்த கவளத்தை அப்படியே பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் பெரிய மனுஷி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லியாக, கறுப்பாக இருந்தார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் பேனா இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற அத்தையிடம் போய், "பேனா கீது" என்று காதில் சொன்னேன். காப்பி கொடுத்து முடிந்ததும் அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "இந்தக் காலத்துப் பசங்க, ரெண்டு வார்த்த பேசட்டும்" என்றார். கிணற்றடிக்கு அனுப்பினார்கள். துணைக்கு என்னையும் அனுப்பினார்கள்.

இருவரும் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். பிறகு அத்தைதான் ஆரம்பித்தாள்.

"பேப்பர்ல டைரி பதினெட்டுன்னு போட்டிருந்திச்சி..."

"ஆமாங்க" என்றார் அவர். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "இப்ப பத்தொம்பது. போன வாரம்தான் ஒண்ணு சேந்திச்சி."

"தெனமும் உக்காருவீங்களா?"

"உக்காராம எப்டிங்க? காலைல நாலு மணிக்கு ஒருவாட்டி, சாயங்காலம் நாலு மணிக்கு ஒருவாட்டி. ஊருக்குப் போனாகூட அதுக்குள்ள ஓடியாந்துடணும்."

அத்தையின் கண்கள் பெரிதாயின. எனக்குப் பெருமையாக இருந்தது. கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான் அல்லவா.

"ஒருநாளு உட்டா இன்னா ஆவும்?"

"ஐயோ, உட்டா அவ்ளோதாங்க. மடி கட்டிக்கினு ஜொரம் வந்துடும்."

எங்கள் வீட்டிலும் ஓர் எருமை இருந்தது. மடி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மனது நிறைய டைரி இருக்கும்போது மாடு எந்த வழியாக உள்ளே வரும்? மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறவர் போலிருக்கிறது, ஒருநாள் எழுதாவிட்டால் காய்ச்சலே வந்துவிடுகிறதே, எப்பேர்ப்பட்ட மனிதர் என்று வியந்துகொண்டு நின்றேன்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவர் பதறிப்போய் என்னைப் பார்த்தார். "போயி தண்ணி எடுத்துக்கினு வா பாப்பா" என்றாள் அத்தை, முகத்தைத் திருப்பிக்கொண்டே. கிணற்றடியில் நின்றுகொண்டு தண்ணீர் கேட்கிறாளே என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் போனேன். சொம்பில் தண்ணீரோடு திரும்பி வந்தபோது அவர் விரல் விட்டு எதையோ எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு டைரியிலும் என்ன இருக்கிறது என்று சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் கார் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அத்தை சரி என்று சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் திருச்சானூரில் கல்யாணம் என்று முடிவானது. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். எங்களுக்கு வரப்போகும் மாமா பத்தொன்பது டைரி எழுதியிருக்கிறார், தினமும் இரண்டு வேளை எழுதுவார் என்றேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் இங்கிலீஷ் மிஸ், பார்க்க ஒரே மாதிரி இருக்கிற, பிள்ளைகள் குழப்பிக்கொள்கிற வார்த்தைகளை ஜோடி ஜோடியாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். ஏஞ்சல், ஆங்கிள். குவைட், குவயட். பாலைவனத்துக்கு ஒரு டெசர்ட், சாப்பாட்டுக்குப் பின் தின்னும் இனிப்புக்கு ஒரு டெசர்ட். பக்கத்துப் பெண்ணுக்கு முன்னால் எழுதி முடித்துவிட வேண்டும் என்று நான் வேகவேகமாக எழுதிக்கொண்டு வந்தேன். ஐந்தாவது ஜோடியில் கை நின்றுவிட்டது. ஒரே ஐந்து எழுத்துகள். நடுவில் ஏ முன்னால் வந்தால் ஒன்று, ஐ முன்னால் வந்தால் வேறொன்று. மிஸ் அதைத் தெலுங்கில் விளக்கினார்: "டைரீ அண்டே ராஸேதி. டெயிரீ அண்டே பாலு."

எழுதுவது ஒன்று. பால் இன்னொன்று.

பயோடேட்டாவில் ஏ முன்னால் இருந்தது. அது கண்ணில் அப்படியே நின்றது. என் கண்ணெதிரே மாமாவின் டைரிகள் ஒவ்வொன்றாக எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு, கரும்பலகையிலிருந்து இறங்கிப் போயின. காலை நாலு மணி, சாயங்காலம் நாலு மணி, மடி, ஜுரம் எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. போன வாரம் சேர்ந்தது கன்றுக்குட்டி!

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வருகின்றன. சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். நீலப் பேனாவால் ஏ-யை ஐ-யாகவும் ஐ-யை ஏ-யாகவும் அழுத்தித் திருத்தினேன். தாளில் சரியாகிவிட்டால் சித்தூரிலும் சரியாகிவிடும் என்று ஏதோ ஒரு நம்பிக்கை. அச்சடித்த எழுத்து மறையவில்லை. மேலும் அழுத்தினேன். தாள் ஓட்டையாகிவிட்டது. மடித்துப் பழைய இடத்திலேயே செருகிவிட்டுச் சாமி முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

ரவிக்கைத் துணிகளை அளந்துகொண்டிருந்த அம்மாவிடம் போய், "மாமா டைரி எழுதலன்னா கல்யாணம் நின்னுடுமா?" என்று கேட்டேன்.

"டைரி எழுதலன்னா உங்க மிஸ்ஸுதான் அடிக்கும். போய் எழுது" என்றாள் அம்மா.

நைனாவிடம் சொல்லப் பயமாக இருந்தது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது. ஏழு பேர் வந்துபோன பிறகு நைனா முதல்முறையாக வீட்டில் விசிலடித்துக்கொண்டு நடந்த நாட்கள் அவை. அத்தையைப் பார்த்தால் இன்னும் மோசம். அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே புளி கரைத்தாள், சிரித்துக்கொண்டே துணி காயப்போட்டாள். பாவம், பத்தொன்பது டைரியை நினைத்துச் சிரிக்கிறாள். என் அவசரத்தால் ஒரு பெண் காலமெல்லாம் சாணி அள்ளப் போகிறாள். நான் சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றில் பூச்சி இருக்கும் என்று பூச்சி மருந்து கொடுத்தார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் ஒரு வேனில் எல்லோரும் கிளம்பினோம். ரேணிகுண்டா வருவதற்குள் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்திருந்தேன். ரேணிகுண்டா வந்தது, போனது. அத்தையின் மடியில் பூக்கூடை இருந்தது. அவளைச் சுற்றிப் பெரியம்மாக்கள். திருச்சானூரில் இறங்கியபோது கோயிலுக்குப் போகிறவர்களும் ஷேர் ஆட்டோக்களும் தெருவை அடைத்துக்கொண்டிருந்தார்கள். இனி எப்போது சொல்வது என்று எனக்கு அழுகை முட்டியது.

மண்டபத்து மாடியில் பெண் வீட்டுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் நான் உள்ளே போனபோது அத்தை தனியாக இருந்தாள். இரண்டு கைக்கும் மருதாணி வைத்து, காயட்டும் என்று உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் காப்பி குடிக்கக் கீழே போயிருந்தார்கள். கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, ஃபேனுக்கு நேராக, பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி கண்ணு, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

அவ்வளவுதான். உடைந்துவிட்டேன். அது டைரி இல்லை, டெய்ரி, ஏ முன்னால் வருகிறது, நான் வேகமாகப் படித்துவிட்டேன், மாமா ஒரு டைரிகூட எழுதவில்லை, அத்தனையும் மாடு, நைனாவிடம் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திவிடலாம், என்னை அடித்தாலும் பரவாயில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பேப்பரைக் கிழித்ததையும் சொன்னேன்.

அத்தைக்கு என்னை அணைக்கக் கை இல்லை. மருதாணி கலைந்துவிடும். கைகளை விரித்துத் தூக்கிக்கொண்டு, முழங்கையால் என்னை வளைத்து இழுத்து, தன் கன்னத்தை என் தலைமேல் வைத்துக்கொண்டாள். அவள் வயிறு குலுங்குவது எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டி."

"எப்போ?"

"மடி கட்டிக்கும்னு சொன்னாரே, அப்போ. எத்தினி வருசமா எருமைக்குப் பால் கறக்கறேன், அதுகூடத் தெரியாதா எனக்கு?"

எனக்கு நிம்மதி வருவதற்குப் பதிலாகக் கோபம் வந்தது. பத்து நாள் பட்டினி கிடந்திருக்கிறேன், பூச்சி மருந்து குடித்திருக்கிறேன். "அப்புறம் ஏன் சரின்னு சொன்னே?"

அத்தை மருதாணிக் கைகளை மறுபடியும் ஃபேனுக்கு நேராக நீட்டிக்கொண்டாள்.

"நீ தண்ணிக்குப் போனியே, அப்ப நான் இன்னும் கேட்டேன். எல்லாத்துக்கும் பேர் கீதான்னு கேட்டேன். கீதுன்னாரு. சொல்லுங்கன்னேன். பத்தொம்பதும் சொன்னாரு. ராணி, சீதா, பொட்டு, வெள்ளச்சி... ஒண்ணு பேரு கலெக்டரம்மா. கிட்ட போனா மொறைக்குமாம். மனு குடுக்கற மாதிரி கையக் கட்டிக்கினு நின்னாதான் கறக்க உடுமாம்."

"அப்புறம்?"

"எழுதற டைரின்னு நெனச்சத நானே சொல்லிட்டேன். அது எதுக்கு உங்களுக்குன்னு கேட்டாரு. நான் எழுதுவேன்னு சொன்னேன். இன்னா எழுதுவீங்கன்னாரு. சொன்னேன்."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

எனக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. மாட்டுக்குப் பேர் வைப்பது ஒரு பெரிய விஷயமா? எங்கள் எருமைக்கும் பேர் இருந்தது. டைரி இல்லாததால், வேறு வழியில்லாமல், கிடைத்ததைக் கொண்டு அத்தை மனதைத் தேற்றிக்கொள்கிறாள் என்று முடிவுகட்டினேன்.

கல்யாணம் நடந்தது. முதல் விருந்துக்கு வந்தபோது அத்தை என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "டைரியும் கீதுடி" என்றாள். மாட்டுத் தீவனம் விற்கிறவர்கள் ஒவ்வொரு புது வருஷத்துக்கும் மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு டைரி கொடுப்பார்களாம். மாமா எதிலும் ஒரு வரி எழுதியதில்லை. பரணிலிருந்து ஆறேழு டைரிகளை இறக்கித் தூசி தட்டி அவளிடம் கொடுத்திருக்கிறார். வருஷம் தப்பாக இருந்தாலும் தாள் நல்ல தாள் என்றாள். இப்போதும் அவள் எழுதுகிறாள். மாமா படிப்பதில்லை. அவள் எழுதும் நேரத்தில் யாராவது கூப்பிட்டால் மட்டும், "இருங்க, வேலையா கீறாங்க" என்று சொல்வாராம்.

இப்போது எனக்கு அத்தையின் அன்றைய வயது. போன மாதம் என்னைப் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளை நன்றாகப் படித்தவர், மரியாதையானவர். எவ்வளவு சம்பளம், சமையல் தெரியுமா, கல்யாணத்துக்குப் பின் பெங்களூருக்கு மாறுவீர்களா என்று வரிசையாகக் கேட்டார். நானும் வரிசையாகச் சொன்னேன். அவர்கள் போன பிறகு காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அத்தையைப் பார்க்க ஆட்கள் வந்த அந்த ஏழு நாட்களும் நான் அதே கூடத்தில்தான் இருந்தேன். நட, உட்கார், பாடு, ஏன் இங்கிலீஷில் தோற்றாய் என்று கேள்விகளெல்லாம் ஒரே பக்கத்திலிருந்துதான் வந்தன. எட்டாவது தடவை, நான் தப்பாகப் படித்துச் சொன்ன ஒரு வார்த்தையால், கேட்பதற்கு அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. அவர் அதற்குச் சிரிக்காமல் பதில் சொன்னார். அவள் மேலும் கேட்டாள். அதற்கும் சொன்னார்.

அன்று மண்டபத்து மாடியில் எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்ததெல்லாம் எனக்கு அடி விழாது என்பதுதான். அத்தையின் முழங்கையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டேன். கீழே ஜாங்கிரி போடுகிறார்கள் என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். "இரு பாப்பா, இன்னொண்ணு சொல்றேன்" என்றாள் அத்தை. நான் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தேன்.